நோயாளியை நாடிச் செல்லும் அறிவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில் உள்ள நியூ மெக்சிகோ, பரப்பளவில் அந்நாட்டின் ஐந்தாவது பெரிய மாநிலம். மக்கள்தொகையோ 20 இலட்சத்தைச் சற்றே மிஞ்சும். பழங்குடியினரும் ஸ்பானிய மொழி பேசுவோரும் பாலைநிலத்துச் சிற்றூர்களில் சிதறி வாழ்கின்றனர். மருத்துவ வல்லுநர் பெரும்பாலும் அல்புகர்க்கி நகரிலேயே உள்ளனர். அந்நகரிலுள்ள நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் நலவாழ்வு அறிவியல் மையம் இவ்விடைவெளியைக் கடக்கக் கண்ட வழி, குருத்துவப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

ஹெப்பட்டைட்டிஸ் சி என்பது குருதி வழியே தொற்றி, கல்லீரலைப் பல்லாண்டுகள் மெல்லச் சிதைக்கும் நோய். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மருந்தும் மாதக்கணக்கில் அளிக்கப்பட்டன. காய்ச்சல், இரத்தசோகை, கடும் மனச்சோர்வு ஆகிய பக்கவிளைவுகள் உண்டாகும் என்பதால், கிராமப்புற மருத்துவர் இச்சிகிச்சையில் கைவைக்கத் துணியவில்லை. பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் செல்லலாமெனில், வல்லுநரைக் காண 8 மாதங்கள் காத்திருக்கவேண்டும், சிலர் 200 மைலுக்கு மேல் பயணம் செய்யவேண்டும், அதுவும் பலமுறை. நோய் முற்றியபின் வந்துசேர்ந்தவர் பலர்.

அங்கு ஈரல்நோய் வல்லுநராயிருந்த, இந்தியாவில் பிறந்த டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003ஆம் ஆண்டில் ‘எக்கோ’ எனும் திட்டத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் குறித்த வேளையில் மையத்தின் வல்லுநர்களும் தொலைவிலுள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் காணொளி வாயிலாகக் கூடுவர். ஒருவர் தம் நோயாளியின் பெயரைக் கூறாமல் நோயின் வரலாற்றை எடுத்துரைப்பார். ஏனையோர் வினவுவர், வல்லுநர் கருத்துரைப்பர், ஒரு சிறு விரிவுரையும் உண்டு. தொலைவிலிருந்தபடியே வல்லுநர் நோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் முறையன்று இது. நோயாளி உள்ளூர் மருத்துவரின் பொறுப்பிலேயே நீடிப்பார், முடிவெடுப்பவரும் அவரே. ஒருவருடைய நோயாளியைக் குறித்துப் பேசுவதை அனைவரும் கேட்பதால், அனைவரும் கற்கின்றனர்.

இவ்வாறு கற்றவர் அளித்த சிகிச்சை தரத்தில் தாழ்ந்ததோ? 2011ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதற்கு விடையளித்தது. 407 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். பல்கலைக்கழக மருத்துவமனையில் நோய் நீங்கியவர் 57.5 விழுக்காடு, 16 சமூக மருத்துவ நிலையங்களிலும் 5 சிறைச்சாலைகளிலும் நீங்கியவர் 58.2 விழுக்காடு. கடுமையான பக்கவிளைவுகளோ மருத்துவமனையில் 13.7 விழுக்காட்டினருக்கும், வெளி நிலையங்களில் 6.9 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. நோயாளிகள் சீட்டுப்போட்டுப் பிரிக்கப்படவில்லையாதலால் இவ்வெண்களை அளவுக்கு மிஞ்சி வலியுறுத்தலாகாது. எனினும் சிறைக்கைதிக்கும் நகரத்து மருத்துவமனைக்கு ஒப்பான சிகிச்சை கிட்டியது என்பது சிறிய காரியமன்று. பின்னர் மாத்திரைகளே போதுமான புதிய மருந்துகள் வந்து பழைய சிகிச்சையை அகற்றின. முறையோ வேறு பல நோய்களுக்கும் விரிந்தது. மருத்துவரே இல்லாத ஊருக்கும், அறுவை சிகிச்சை வேண்டியவருக்கும் இது விடையாகாது.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் காலைமுதல் மாலைவரை ஜனங்கள் மோசேக்கு முன்பாக நின்று காத்திருக்கின்றனர். எத்திரோவின் ஆலோசனையைப் பணிப்பங்கீடு என்றே நம்மில் பலர் பிரசங்கிக்கின்றோம். 20ஆம் வசனத்தை விரைந்து கடந்துவிடுகின்றோம். தலைவர்களைத் தெரிந்துகொள்ளுமுன் மோசே செய்யவேண்டியது கற்பித்தலாகும். ஆயினும் அங்கே பெரிய வழக்குகள் மோசேயிடமே வந்தன. அல்புகர்க்கி மருத்துவர் இன்னும் ஒருபடி சென்று, கடினமானதையும் உள்ளூராரே தாங்கும்படி அவரோடு உடனிருக்கின்றனர்.

நமது கல்லூரிகளின் நிலை என்ன? பட்டமளிப்பு விழாவோடு ஆசிரியர் மாணவர் உறவு ஏறக்குறைய முடிந்துவிடுகின்றது. தூரத்துச் சேகரத்தில் தற்கொலை செய்துகொண்டவரின் அடக்க ஆராதனையை நடத்தவேண்டிய இளம் ஆயர், சாதிப் பிளவுள்ள சபையில் திருவிருந்து பரிமாறவேண்டியவர், யாரிடம் கேட்பார்? ஆண்டுக்கொருமுறை நடைபெறும் இரண்டு நாள் புத்தாக்கப் பயிற்சியில் அவர் விரிவுரைகளைக் கேட்டுத் திரும்புகின்றார். அவருடைய வினா அவரோடே திரும்புகின்றது. குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி 1963ஆம் ஆண்டிலேயே ஆசிரியர்களை வட்டார மையங்களுக்கு அனுப்பி விரிவாக்க இறையியல் கல்வியைத் தொடங்கியது. நம் நாட்டிலும் அம்முறை வேரூன்றியது. ஆனால் அது பெரிதும் பாடத்திட்டத்தைக் கொண்டுசென்றதேயன்றி, ஆயரின் அன்றாடச் சிக்கலைக் கூடி ஆராயும் அவையாக அமையவில்லை என்பது நமது கருத்து.

அத்தகைய அவையைக் கூட்ட இன்று கைப்பேசியே போதும். மருத்துவரை எதிர்ப்படாத ஒரு தடை மட்டும் நமக்குண்டு. அவர் பெயரை நீக்கினால் நோயாளி மறைந்துவிடுகின்றார். ஒரு சேகரத்தில் நடந்ததோ பெயர் கூறாவிடினும் அடுத்த சேகரத்தாருக்கு விளங்கிவிடும். ஆதலால் ஒரே வட்டாரத்தாரை ஒரு குழுவாகச் சேர்த்தலாகாது; வெவ்வேறு திருமண்டலங்களின் ஆயர்கள் கலந்திருக்கவேண்டும்; பாவ அறிக்கையாகக் கேட்டதை எவரும் அவைக்குக் கொணரலாகாது. வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கும் ஆசிரியர்கள் மூவர் ஒரு கல்லூரிக்குக் கிடைத்தால், வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.