இழுத்துப் பிடித்தால் அடங்காது

பயிற்சித் திடலுக்குள் ஒரு குதிரை வருகிறது. கழுத்து உயர்ந்து விறைத்திருக்கிறது. காதுகள் ஓயாமல் முன்னும் பின்னும் திரும்புகின்றன. கண்ணோரம் வெள்ளை தெரிகிறது. வாலை விசிறியபடி சின்னச் சின்ன அவசர எட்டுகள் வைக்கிறது. மேலே இருப்பவர் கடிவாள வாரை இழுத்துப் பிடிக்கிறார். குதிரையின் வேகம் கூடுகிறது. பார்ப்பவர்கள் 'திமிர் பிடித்த குதிரை' என்கிறார்கள். உண்மையில் அது நடுங்கிப் போயிருக்கிறது.

குதிரை, வேட்டை விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்து வந்த இனம். ஆபத்து என்றால் முதலில் ஓட்டம், பிறகுதான் யோசனை. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டுமே மறைவு. ஓர் ஈ உட்கார்ந்தாலும் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும். இவ்வளவு கூர்மையான உடம்புக்குக் காற்றில் பறக்கும் ஒரு பிளாஸ்டிக் பையே போதும். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும் இதயம் சட்டென்று எகிறும். தசைகள் ஓட்டத்துக்கு முறுக்கேறும்.

அந்த முறுக்கு சமநிலையையும் கெடுக்கிறது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. இரு முன்னங்கால்களுக்கும் நடுவே, தூளியில் குழந்தை கிடப்பதுபோல, அதன் மார்புக்கூட்டைத் தசைகளே தாங்குகின்றன. பயத்தில் இந்தத் தூளி இறுகுகிறது. தலை மேலே போக, முதுகு உள்வாங்க, பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வராமல் பின்தங்குகின்றன. எடை இன்னும் முன்னால் சரிகிறது. தடுமாறும் குதிரைக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயமும் சேர்கிறது. அமைதியையும் சமநிலையையும் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

கடிவாள இரும்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஓர் இடைவெளி. அங்கே எலும்பை மூடியிருப்பது மெல்லிய ஈறுதான். வாரை இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் வலிக்கும். வலித்தால் குதிரை ஓடப் பார்க்கும்.

அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் செய்ததையே குதிரை சரியென்று கற்றுக்கொள்கிறது. வேகம் சற்றே தணிந்த கணத்தில் விரல்கள் நெகிழ வேண்டும். தாமதித்தால் பாடம் மாறிவிடும். விடவே இல்லையென்றால், என்ன செய்தாலும் விடிவில்லை என்ற முடிவுக்கு அது வந்துவிடும்.

20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் மெதுநடை; சில எட்டுகளுக்குப் பின் நிறுத்தம்; மறுபடி நடை. இந்த எளிய பயிற்சியே குதிரையின் கவனத்தைத் திரும்பக் கொண்டுவரும். பிறகு குதிரையின் தோள்களைத் திடலின் சுவரிலிருந்து சற்று உள்ளே கொண்டுவந்து, சாய்வாக நடக்கவைக்கலாம். உட்புறப் பின்னங்கால் உடம்புக்கு அடியில் வந்து சுமையை ஏற்கும், முன்பக்கம் லேசாகும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் இந்தப் பயிற்சியை விரிவாக எழுதிவைத்தார். வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இன்றும் அவர் வழியில்தான் நடக்கிறது.

பிடரி முடியும் இடத்தில், சேணத்துக்குச் சற்று முன்னால், விரல்களால் மெல்லச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்ளும் இடம் அது. பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் நடந்து 1993-ல் வெளியான ஆய்வில், அங்கே வருடும்போது இதயத்துடிப்பு குறைவது தெரிந்தது.

சவாரி செய்பவரின் உடம்பும் ஒரு பாடம்தான். 'கணக்குப் போடும் குதிரை' என்று பெர்லினில் புகழ்பெற்ற ஹான்ஸ், கேள்வி கேட்டவரின் தலை அசைவைப் பார்த்தே விடைக்கான குளம்புத் தட்டலை நிறுத்தியது என 1907-ல் உளவியலாளர் ஃபுங்ஸ்ட் நிறுவினார். கேட்டவருக்கே தெரியாத அசைவு அது. அப்படியிருக்க, முதுகில் அமர்ந்து மூச்சைப் பிடித்திருப்பவரின் இறுக்கம் குதிரைக்குத் தெரியாமல் போகுமா?

பயிற்சி பலிக்கிறது என்பதைக் குதிரையே காட்டும். கழுத்து தானாக இறங்கும். மூக்கால் 'புர்ர்' என்று நீளமாக மூச்சு விடும். வாய் மெல்ல அசையும். வால் நடைக்கேற்பத் தளர்ந்து ஆடும். அப்போது வாரை நீள விட்டு, அன்றைய பாடத்தை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் பதற்றம் தணியவில்லையா? கூரான பல், பொருந்தாத சேணம், குளம்பு வலி, வயிற்றுப் புண் என்று ஏதாவது இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கோபத்தோடு குதிரையை அணுகாதே என்று ஏறக்குறைய 2,350 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர் செனபோன் எழுதிவிட்டார். வாய் பேசாத உயிர் அது. அடுத்த முறை வாரை இழுக்கக் கை போகும்போது, ஒரு மூச்சை நிதானமாக விட்டு, விரல்களைத் தளர்த்திப் பாருங்கள்.