காலில்லாமல் ஓடும் சொல்

எங்கள் பக்கத்து வீட்டு மாமி சுயமாக ஆங்கிலம் படித்து வருகிறார். கையில் எப்போதும் ஒரு குட்டி அகராதி. சென்ற மாதம் வாங்கிய சிவப்புப் புடவையில் ஒரு சீட்டுத் தொங்கிற்று. 'கலர்ஸ் மே ரன்' என்று அதில் அச்சிட்டிருந்தது. மாமி அகராதியைப் புரட்டினார். ரன் என்றால் ஓடு. 'வர்ணங்கள் ஓடலாம்!' ஓடினால் ஓடட்டுமே என்று, மாமாவின் வெள்ளை வேஷ்டிகளோடு சேர்த்து ஊற வைத்துவிட்டார்.

வேஷ்டிகள் ரோஜா நிறத்தில் கொடியேறின.

"நீ பத்திரிகைக்காரனாச்சே, சொல்லு. ஏன் அம்பி, ஓடறதுக்குக் கால் வேண்டாமோ?" என்று மாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சொல்லோடு மல்லாடியவர் மாமி ஒருவரல்ல. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இதற்காக ஒன்பது மாதம் செலவழித்தார். வினைச்சொல்லாக மட்டும் அவர் பிரித்துக் கண்ட அர்த்தங்கள் 645! 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'ஸெட்' என்ற சொல்தான் 430 அர்த்தங்களோடு முதலிடத்தில் இருந்தது. 2011-ல் 'ரன்' அதை முந்திவிட்டது. ஓடுகிற சொல் அல்லவா!

பழைய ஆங்கிலத்திலேயே மனிதன், குதிரையோடு தண்ணீரும் ஓடியிருக்கிறது. ஜலதோஷக்காரரின் மூக்கு, உருகும் மெழுகுவத்தி, மாமியின் சாயம் எல்லாம் தண்ணீரின் வம்சம், கால் தேவையில்லை. பிறகு நீராவி யந்திரம் வந்தது. ரயில் ஓடிற்று, ஆலை ஓடிற்று, ஆலையை நடத்தும் முதலாளியும் அதை 'ரன்' செய்தார். யந்திர யுகம் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த தீனி கொஞ்சமல்ல. இன்று கம்ப்யூட்டருக்குள் புரோகிராம்கள் ஓடுகின்றன.

நம் 'ஓடு' மட்டும் சளைத்ததா? கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மாதக் கடைசியிலும் எப்படியோ காலம் ஓடுகிறது. ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் ஜோடியாக ஓடுவதில்லை. அவர்களுக்கு ஜுரம்கூட 'ரன்'. நமக்கு ஜுரம் அடிக்கும். சர்க்கரை தீர்ந்தால் அவர்கள் சர்க்கரையை விட்டு வெளியே ஓடுவார்கள்! வேடிக்கை என்னவென்றால், தேர்தலுக்கு அமெரிக்காவில் ஓடுகிறார்கள், இங்கிலாந்தில் நிற்கிறார்கள். நம் வேட்பாளர்களும் நிற்கிறவர்கள்தான். ஓடுவதெல்லாம் ஜயித்த பிறகு.

இதையெல்லாம் மாமியிடம் சொல்லிக்கொண்டே வந்து, "வீட்டை நிர்வாகம் பண்ணுவதற்கும் இங்கிலீஷில் இதே சொல்தான், மாமி" என்றேன்.

மாமி நிமிர்ந்தார். "ஆலையை நடத்தறதுக்கும் அதே சொல்லுன்னியே?"

"ஆமாம், அதேதான்."

"பாங்கிலே என் பேரிலே கணக்கு ஆரம்பிச்சபோது ஒரு பாரம் கொடுத்தா. அதிலே 'தொழில்'னு ஒரு கட்டம். மாமாதான் பூர்த்தி பண்ணினார். என்ன எழுதினார் தெரியுமோ? 'ஒன்றுமில்லை'."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மாமி அகராதியைத் திறந்து, அந்தப் பக்கத்தில் ஓரமாகப் பென்ஸிலால் என்னவோ குறித்துக்கொண்டார்.

அதற்குள் உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். காப்பிப்பொடி டப்பா எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லையாம்.

"வலது பக்கம், ரெண்டாவது தட்டு!" என்றார் மாமி, இடத்தைவிட்டு எழுந்திருக்காமல்.