வெள்ளெலி எது?

அயல்நாட்டு உயிர் ஒன்று நம்மிடம் வரும்போது அதன் பெயரும் கூடவே வருகிறது. அப்பெயரைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்பது சிறிய வினாப்போலத் தோன்றலாம். ஆனால், அதில் தவறினால் நம்முடைய பழஞ்சொல் ஒன்று பொருள் கலங்கிப் போகும். ஹாம்ஸ்டர் என்னும் சொல்லைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

ஹாம்ஸ்டர் எலிக்கு உறவான ஒரு கொறிவிலங்கு. உருண்டை உடலும் குட்டை வாலும் உடையது. அதன் இரு கன்னங்களிலும் பைகள் உண்டு. தானியத்தை அப்பைகளில் அடைத்து, வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும். ஜெர்மானிய மொழியில் இப்பெயரிலிருந்தே ‘பதுக்குதல்’ என்னும் வினைச்சொல் பிறந்திருக்கிறது. இக்கருத்து தமிழருக்குப் புதியதன்று. கதிரைக் கவர்ந்து வளையை நிரப்பும் எலியைப் போன்ற சிறுமனத்தாரின் நட்பு வேண்டா என்று புறநானூற்றின் 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன் கூறியுள்ளான்.

இந்த உயிர் ஆய்வுக்கூடத்திற்கு வந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கறுப்புக் காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயின் கிருமியை 1903இல் சென்னையில் கண்டறிந்தவர் மருத்துவர் டோனவன். அதே ஆண்டில் லீஷ்மன் என்பவரும் அதனைக் குறித்து எழுதினார். இருவர் பெயரும் அக்கிருமிக்கு நிலைத்தன. பின்னர் எருசலேமில் இவ்வகை நோய்களை ஆராய்ந்த அட்லர் என்பார்க்குச் சீன நாட்டு ஹாம்ஸ்டர்கள் தேவைப்பட்டன. அவை கூண்டில் எளிதில் இனம் பெருக்கவில்லை. எனவே, 1930இல் அகரோனி என்னும் விலங்கியலார் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வளையைத் தோண்டச் செய்து, தாயையும் குட்டிகளையும் கொண்டுவந்தார். அவற்றுள் பிழைத்த சிலவற்றின் வழிவந்தவையே இன்று ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களுள் மிகப் பெரும்பாலானவை.

இனிப் பெயருக்கு வருவோம். தமிழில் எழுதுவோர் சிலர் ஹாம்ஸ்டரை ‘வெள்ளெலி’ என்கின்றனர். ஆய்வுக்கூடத்து வெள்ளை எலியையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். எங்கள் தேவாரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஓர் உழவரிடம் வெள்ளெலி எது என்று கேட்டுப் பாருங்கள். மேலே மண்ணிறமும், வயிற்றில் வெண்மையும், உடலைவிட நீண்ட வாலும், வால்நுனியில் மயிர்க்குச்சமும் கொண்டு, துள்ளி ஓடும் எலியைத்தான் அவர் சொல்வார். வேளாண்மை நூல்களும் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி என்பவற்றோடு இதனையும் வெள்ளெலி என்றே வரிசைப்படுத்துகின்றன. ஒன்று குட்டைவால், மற்றொன்று நெடுவால். ஒன்று கூண்டில் வளர்வது. மற்றொன்று விளைச்சலை அழிப்பது. இரண்டிற்கும் ஒரே பெயரிட்டால், தமிழ்வழி விலங்கியல் பயிலும் மாணவன் எதைப் படிக்கிறோம் என்றறியாது மயங்குவான். உழவனின் சொல்லும் புத்தகத்தின் சொல்லும் ஒன்றையொன்று அறியாமல் பிரிந்து நிற்கும்.

தொல்காப்பிய மரபியல் எலியின் இளமைப் பெயர் ‘குட்டி’ என்று வரையறுக்கிறது. உயிர்களின் பெயர்களில் அத்துணைக் கவனம் செலுத்திய மொழி நம்முடையது. எனவே, ஹாம்ஸ்டர் என்றே ஒலிபெயர்த்து எழுதலாம். தமிழ்ச்சொல்லே வேண்டுமெனில் ‘கவுளெலி’ எனலாம் என்பது என் கருத்து. கவுள் என்பது கன்னம். அவ்வுயிரின் தனி அடையாளமும் அதுவே. வெள்ளெலி என்னும் பெயரை அதற்கு உரிய எலிக்கே விட்டுவிடுவோம். புதிய சொல்லை ஆக்கும்முன் நம் காட்டுமேட்டில் அச்சொல் யாருக்கேனும் ஏற்கெனவே உரியதா என்று கேட்டறிவது, தமிழில் அறிவியல் எழுதப் புகும் நம் அனைவரின் கடமையாகும்.