திருப்பலியை அறிவோம் – 7: நம் பங்கு தொடங்கும் இடம்

விசுவாசிகள் மன்றாட்டோடு வார்த்தை வழிபாடு நிறைவடைவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதுவரை வாசக மேடையைப் பார்த்திருந்த கண்கள் இப்போது பீடத்தின் பக்கம் திரும்புகின்றன. நின்றவர்கள் உட்காருகிறார்கள். பாடகர் குழு காணிக்கைப் பாடலைத் தொடங்க, உண்டியல் பை வரிசை வரிசையாக நகர்கிறது. இதைத் திருப்பலியின் இடைவேளை போல நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். உண்மையில் நற்கருணை வழிபாட்டில் நம் பங்கு தொடங்குவதே இங்கேதான்.

முதலில் காணிக்கைப் பவனி. தொடக்க நூற்றாண்டுகளில் மக்கள் தாங்களே அப்பமும் திராட்சை இரசமும் கொண்டு வந்தார்கள். இன்று அவற்றைப் பங்குக் கோயிலே ஏற்பாடு செய்கிறது. ஆனாலும் அவை மக்கள் கைவழியாகவே பீடத்துக்கு வந்து சேர்வது சிறந்தது என்கிறது திருச்சபை. பீடத்துக்குப் போவது கோதுமை மணி அல்ல, அப்பம். திராட்சைக் குலை அல்ல, இரசம். அரைத்து, பிசைந்து, சுட்ட கைகளின் உழைப்பு அதில் இருக்கிறது. 1969-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் தந்த புதிய திருப்பலி நூலின் காணிக்கைச் செபங்கள், நிலத்தின் விளைவையும் மனித உழைப்பையும் சேர்த்தே இறைவனுக்கு முன் வைக்கின்றன. யூதர்கள் உணவு மேசையில் இறைவனைப் புகழும் செபத்தின் சாயல் அவற்றில் உண்டு.

நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதல்ல. பொங்கல் திருப்பலியில் நெற்கதிரும் கரும்பும் பீடத்தடிக்கு வருகின்றன. கிராமத்துக் கோயில்களில் காணிக்கையாக வந்த கோழியும் தேங்காயும் பூசை முடிந்ததும் ஏலத்துக்குப் போகின்றன. பிடித்த மீனில் கோயிலுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்த கடற்கரை ஊர்கள் உண்டு. உழைத்ததிலிருந்து கொடுப்பதே காணிக்கை என்பதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இனி குருவின் கைகளைக் கவனியுங்கள். கிண்ணத்தில் இரசத்தை ஊற்றியதும் சில துளித் தண்ணீர் சேர்க்கிறார். பண்டைய மத்தியதரைக் கடல் நாடுகளில் இரசத்தில் தண்ணீர் கலந்து குடிப்பதே வழக்கம். அந்த வழக்கத்துக்குள் திருச்சபை ஆழமான பொருளைக் கண்டது. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த புனித சிப்ரியான், இரசம் கிறிஸ்துவையும் தண்ணீர் மக்களையும் குறிப்பதாக எழுதினார். கலந்த தண்ணீரைத் திரும்பப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. அப்போது குரு தாழ்ந்த குரலில் சொல்லும் செபமும், நம் மனிதத்தன்மையில் பங்கேற்றவரின் இறைத்தன்மையில் நாமும் பங்கு பெற வேண்டும் என்றே மன்றாடுகிறது. அந்தத் துளி நாம்தான்.

தூபம் காட்டும் நாள்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அப்பத்துக்கும் இரசத்துக்கும், சிலுவைக்கும் பீடத்துக்கும், பிறகு குருவுக்கும் காட்டிய அதே தூபக் கலசம் மக்களை நோக்கியும் வருகிறது. காணிக்கைப் பொருள்களுக்குத் தரும் மரியாதை, எழுந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கிறது. அதன்பின் குரு பீடத்தின் ஓரத்தில் கைகழுவி, தம் பாவம் நீங்க வேண்டுகிறார். பிறகு கைகளை விரித்து நம்மை அழைக்கிறார். இந்தப் பலி தம்முடையது மட்டுமல்ல, நம்முடையதும்தான் என்று அந்த அழைப்பில் வெளிப்படையாகச் சொல்கிறார்.

அப்படியானால் நாம் எதை வைக்கப் போகிறோம்? அந்த வாரத்து வேலை, தீராத கவலை, நோயாளியின் அருகே கண்விழித்த இரவுகள் எல்லாவற்றையும் அப்பத்தோடு சேர்த்து வைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனோடு நல்லுறவு கொள்ளப் போகச் சொன்னவர் இயேசு. மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் அதைப் பார்க்கலாம்.

பைக்குள் விழும் பணத்துக்கும் இதே அளவுகோல்தான். ஏறக்குறைய கி.பி. 155-இல் ஞாயிறு வழிபாட்டைப் பற்றி எழுதிய புனித ஜஸ்டின், வசதியுள்ளவர்கள் மனமுவந்து தருவது வழிபாட்டுக்குத் தலைமை தாங்குபவரிடம் சேர்கிறது என்றும், அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆகியோரை அவர் அதைக் கொண்டு பேணுகிறார் என்றும் குறிப்பிடுகிறார். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன், ஏழைகள் பசித்திருக்கத் தாங்கள் மட்டும் வயிறார உண்ட கொரிந்தியரைப் புனித பவுல் கடுமையாகக் கண்டித்தார். அது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்று சொன்னார்.

இன்றைய பங்குகளுக்கும் அந்தக் கண்டிப்பு பொருந்தும். கோபுரமும் கொடிமரமும் உயர்வதில் தவறில்லை. ஆனால் பங்கில் பசித்திருப்பவருக்கும் மருந்து வாங்க வழியில்லாதவருக்கும் காணிக்கையிலிருந்து எதுவும் போய்ச் சேரவில்லை என்றால், பாடல் முடிந்திருக்கலாம், காணிக்கை முடியவில்லை.

(அடுத்த வாரம்: நற்கருணை மன்றாட்டு)