நிலத்தின் நடுக்கம் சொல்லும் பாறையின் ஆழம்

நாம் நிற்கும் நிலம் ஒரு கணமேனும் அசையாமல் இருப்பதில்லை. கடலலைகள் மோதுவதாலும், லாரிகளும் இரயில்களும் ஓடுவதாலும், ஆலை இயந்திரங்கள் சுழல்வதாலும் அது இடைவிடாது நடுங்குகிறது. நம் உடல் உணராத இந்நுண்ணதிர்வைக் கொண்டே, ஒரு நகரத்தின் அடியில் கடினப் பாறை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை அறிவியலார் கணிக்கின்றனர்.

அவ்வாழத்தை ஏன் அறிய வேண்டும்? 1985 செப்டம்பர் 19 ஆம் நாள் மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. தலைநகரம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும், அங்கு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பழைய ஏரிப் படுகையின் மென்களிமண் மீது நின்ற கட்டடங்களே மிகுதியாக இடிந்தன. கடின நிலத்தில் நின்றவை பெரும்பாலும் தப்பின. களிமண் சுமார் 2 வினாடிக்கு ஒருமுறை ஆடியது. அத்தாளத்திற்கு இசைந்து ஆடிய நடுத்தர உயரக் கட்டடங்கள் பெருஞ்சேதமுற்றன.

கயிறு நீண்ட ஊஞ்சல் மெதுவாகவும், கயிறு குறுகிய ஊஞ்சல் விரைவாகவும் ஆடுவதை நாம் அறிவோம். மண்ணும் அத்தகையதே. பாறைக்கு மேலுள்ள மென்மண் தடித்திருந்தால் ஆட்டம் மெதுவாகும்; மெலிந்திருந்தால் விரைவாகும்.

இதனை அறிய, தரையில் சிறிய அதிர்வுமானி ஒன்றைச் சிறிது நேரம் வைக்கின்றனர். அது பக்கவாட்டு அசைவையும் மேல்கீழ் அசைவையும் தனித்தனியே பதிவு செய்யும். எந்தத் தாளத்தில் பக்கவாட்டு அசைவு மற்றதைவிட மிகுந்து நிற்கிறதோ, அதுவே அம்மண்ணின் இயல்பான தாளம். ஜப்பானிய இரயில்வே ஆய்வாளர் யுத்தாக்கா நாக்காமுரா 1989 ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கிய பின், இது பல நாடுகளில் பரவியது.

கணக்கும் எளிது. மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் அலையின் வேகத்தை, ஓர் ஆட்டத்தின் காலத்தால் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். வேகம் வினாடிக்கு 80 மீட்டர், காலம் 2 வினாடி எனில், ஆழம் 40 மீட்டராகும். வேகம் தவறினால் விடையும் தவறும். ஆதலால் சில இடங்களில் துளையிட்டு ஒப்புநோக்குவர். எனினும், நகரெங்கும் துளையிடும் பெருஞ்செலவு மிச்சமாகிறது.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. 2005 மார்ச் 28 ஆம் நாள் சுமத்திராவை ஒட்டிய நியாஸ் தீவருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உயர்ந்த கட்டடங்கள் ஆடின. மக்கள் அஞ்சி வெளியேறினர். தோட்டத்தை விட்டு நகரம் சென்ற நம்மவர் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். வீட்டின் உறுதி சுவரில் மட்டுமன்று, அதைத் தாங்கும் மண்ணிலும் உள்ளது என்பதை நாம் உணர்தல் நன்று.