கட்டுவிரியனும் நரம்பின் கரண்டும்

நம் நரம்புகளில் கரண்ட் ஓடுகிறது என்றால், வீட்டு ஒயரில் ஓடுகிற மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். நரம்பு செல்லின் உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சும்மா இருக்கையில் உட்பக்கத்தின் மின்னழுத்தம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டுதல் வந்ததும் செல்லின் சவ்விலுள்ள நுண்கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாயும். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எல்லாம் ஓரிரு மில்லிசெகண்டு சமாசாரம். ஓரிடத்துக் கதவு திறந்தால் பக்கத்துக் கதவும் திறக்கும். செய்தி நகர்வது இப்படித்தான்.

கொழுப்புறை போர்த்திய நரம்புகளில் உறையின் இடைவெளிகளில் மட்டுமே இது நடக்கும். நம் கல்யாண் ஃபாஸ்ட் லோக்கல் டோம்பிவிலி, தானே, தாதர் என்று தாவிப் போகிற கதைதான்! வினாடிக்கு 100 மீட்டர்கூடப் போகும். உறையில்லாத வலி நரம்புகள் ஸ்லோ லோக்கல். வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கால் இடித்தது முதலில் தெரிந்து, எரிச்சல் பிறகு வருவது இதனால்தான்.

நரம்பு முனைக்கு வந்த கரண்ட் தசைக்கு நேராகத் தாவாது. நடுவில் ஓர் இடுக்கு. அதைக் கடக்க அசிடைல்கோலின் என்ற ரசாயனம் வேண்டும். நல்லபாம்பு விஷம் அதைத் தசை வாங்கவிடாமல் மறிக்கும். கட்டுவிரியன் விஷமோ அனுப்புகிற நரம்பு முனையையே சிதைத்துவிடும்.

ராத்திரி தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால் பெரும்பாலும் வலியே இராது. கடிச்சதே தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். காற்று கிடைக்கும்வரை நினைவு தெளிவாகவே இருக்கும், அசைக்கத்தான் முடியாது. "ஆள் போயிட்டான்" என்று கைவிடப்படுகிறவர் செயற்கை சுவாசத்தில் பிழைக்கக்கூடியவர். மந்திரிக்கத் தூக்கிப் போகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. நம் பரேல் ஹாஃப்கின் நிலையத்திலிருந்து 1975-ல் பிரிந்த நிறுவனம் அந்த மருந்தைத் தயாரிப்பவற்றுள் ஒன்று. ஆனால் மருந்து ரத்தத்தில் திரியும் விஷத்தைத்தான் பிடிக்கும்; சிதைந்த நரம்பு முனைகள் தாமாக முளைக்க வேண்டும். அதுவரை, சில நாளோ சில வாரமோ, வென்டிலேட்டர்தான் மூச்சு விடும்.