மணல் தீவும் நிலப்படமும்

கடற்கரை என்றும் நிலையாய் நிற்பது என்று மக்கள் பலரும் கருதுவர். ஆனால் மணலால் ஆகிய கரை ஓயாது இடம்பெயரும் இயல்பினது. விரைவில் கண்ணுக்குப் புலனாகாத அப்பெயர்ச்சியைப் பழைய நிலப்படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லாங் தீவின் தென்கரையை அடுத்து, ஃபயர் தீவு என்னும் ஒடுங்கிய மணல் தீவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றது. அதன் தெற்கே அட்லாண்டிக் மாகடல் ஆர்ப்பரிக்கும். வடக்கே ஆழமில்லாத விரிகுடா அமைதியாய்த் திகழும். கடலின் சீற்றத்தைத் தான் ஏற்று, உட்கரையைக் காக்கும் இத்தகைய நிலம் தடுப்புத் தீவு எனப்படும்.

கப்பல்கள் மணல்திட்டுகளில் மோதி அழியாதிருக்கும்பொருட்டு, கரையை அளந்து படம் வரையும் துறைக்கு அந்நாட்டரசு 1807-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹாஸ்லர் என்னும் அறிஞர் அதன் தலைவரானார். அவர் 1834-ஆம் ஆண்டில் ஃபயர் தீவின் மணற்கரையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்றை இரு பக்கங்களைக் கணக்கால் அறியலாம் அன்றோ? அவ்வாறே முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தொடர்ந்து, விரிகுடாவுக்கு அப்பாலுள்ள இடங்களின் நிலையும் துணியப்பட்டது.

பின்னர், நில அளவையாளர் முக்காலியின்மேல் மட்டமாகப் பொருத்திய பலகையில் தாளை விரித்தனர். தொலைநோக்கி பூட்டிய சட்டத்தால் குறிகளை நோக்கி, அவ்விடத்திலேயே கோடு வரைந்தனர். கடல்நீர் ஏறி நிற்கும் எல்லை, மணல்மேடு, சதுப்பு, வீடு, பாதை ஆகியன அத்தாள்களில் இடம்பெற்றன.

பழைய குறிப்புகளை இற்றைநாள் வானூர்திப் படங்களோடு ஒப்பிடுவோர் வியப்புறுவர். 1826-ஆம் ஆண்டில் தீவின் மேலைமுனையில், முகத்துவாரத்தின் அருகே, முதல் கலங்கரை விளக்கம் எழுந்தது. சாய்ந்து மோதும் அலைகள் மணலை மேற்கே தள்ளத் தள்ளத் தீவு வளர்ந்தது. ஆதலின் விளக்கம் நின்ற இடம் மாறாதிருக்க, கடல்வாய் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மேற்கே விலகிச் சென்றுவிட்டது.

2012-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சாண்டி என்னும் புயல் வீசியபோது, கடல் தீவை ஊடறுத்து விரிகுடாவினுள் புகுந்தது. அது புகுந்த இடத்திற்குப் ‘பழைய முகத்துவாரம்’ என்று பொருள்படும் பெயர் முன்னரே வழங்கிவந்தது. முன்னாளில் அங்கே கடலுக்கு ஒரு வழி இருந்தது. மணல் அதனைத் தூர்த்தது. தூர்ந்த வழியே மீண்டும் திறந்தது.

எங்கே மனை கோலலாம், எங்கே கோலலாகாது என்று ஆராய்வோர்க்கு அப்பழந்தாள்கள் இன்று சான்றாய் உதவுகின்றன. கலம் செலுத்துவோர்க்காக வரைந்த படம், கரையில் வாழ்வார்க்கும் காவலாயிற்று.